படைப்பு நாளில் வந்த விளம்பரமும் அதற்காக நான் கட்டிய பெட்டியும்

மூன்று மாதம் தட்டுத்தடுமாறிய வேலை சென்ற வாரம்தான் ஒரு நிலைக்கு வந்தது. வீட்டு வைஃபையில் இணையும் எல்லாக் கருவிகளுக்கும் வரும் விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் முகவரிகளையும் வாசலிலேயே மறிப்பதற்காக, ராஸ்ப்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த விளம்பரத்தைத் தடுக்க வேண்டும் என்று இதைத் தொடங்கினேனோ, அந்த விளம்பரத்தை இந்தப் பெட்டியால் தடுக்கவே முடியாது என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் விடாமல் செய்தேன். எங்கெங்கே தவறினேன், எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், ஐயா காலத்திலிருந்து கைமாறி வந்த பங்கு வீடு. அப்பத்தாவுக்கு வயது 88. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு அவர் படுக்கையில் கிடந்தபோது, பெரியவர்களுக்கான டயப்பரை நான்தான் என் போனில் தேடி வாங்கினேன். அதற்கு அடுத்த மாதம், முன்னோரை வணங்கிப் படையலிடும் படைப்பு வந்தது. பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பட்டாலைக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, குழந்தைகள் டிவியில் ஏதோ வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்று முறை அதே டயப்பர் விளம்பரம் ஓடியது. மூன்றாவது முறை வந்தபோது உறவினர் ஒருவர், தம் போனிலும் தாம் தேடியதுதான் திரும்பத் திரும்ப வரும் என்று சிரித்துக்கொண்டே, “இது யாருக்கு வாங்குறீங்க, உங்க அப்பத்தாவுக்கா?” என்று கேட்டார். அப்பத்தா படுத்திருந்த அறையின் கதவு திறந்திருந்தது. அன்று இரவு கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அது தற்செயலாக வந்த விளம்பரம் அன்று. டிவி வாங்கிய நாளில் அதை அமைத்தவன் நான். வீடியோ செயலியில் என் கணக்கைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தேன். என் போனில் தேடியது என் கணக்கில் ஏறி, அந்தக் கணக்கு திறந்திருந்த டிவி வழியாக நாற்பது பேர் முன்னால் வந்து நின்றது. இவ்வளவு எளிய காரணத்தை அன்றே யோசித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் கோபத்தில் இருந்தவனுக்குப் பெரிய வேலையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

பை-ஹோல் செய்யும் வேலை இவ்வளவுதான். போனோ டிவியோ எந்தத் தளத்துக்குப் போவதானாலும் முதலில் அதன் எண் முகவரியை ஒரு டிஎன்எஸ் சேவையிடம் கேட்கும். அந்தக் கேள்வி நம் பெட்டிக்கு வந்தால், பட்டியலில் உள்ள விளம்பர முகவரியாக இருக்கும் பட்சத்தில் 0.0.0.0 என்ற வெற்றுப் பதிலைக் கொடுத்து அனுப்பிவிடும். மற்றவற்றுக்கு மட்டும் வெளியே கேட்டுச் சரியான பதிலைத் தரும். நிறுவும்போது அதுவே முன்வைக்கும் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இருக்கின்றன.

ராஸ்ப்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ 1,790 ரூபாய்க்குத் தபாலில் வந்தது. 512 எம்பி நினைவகம்தான். இந்த வேலைக்கு அதுவே மிகுதி. எஸ்டி அட்டையும் மின்சார அடாப்டரும் வீட்டில் கிடந்தவற்றையே போட்டேன். இரண்டுமே பின்னால் காலை வாரிவிட்டன. இயங்குதளத்தின் திரையில்லாத சிறிய வகையை மடிக்கணினியில் வைத்து அட்டையில் எழுதி, அதிலேயே வைஃபை கடவுச்சொல்லையும் தொலைவிலிருந்து நுழையும் வசதியையும் போட்டு, பெட்டியைக் கொண்டுபோய் இரண்டாங்கட்டில் என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அங்கேதான் முதல் தவறு. இந்தக் கணினியில் கேபிள் செருகும் வாய் கிடையாது. வைஃபை மட்டும்தான், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ரவுட்டர் இருப்பது வீட்டின் முன்பகுதியான முகப்பில். இடையில் நடுமுற்றமான வளவும் அதன் இரு பக்கச் சுவர்களும் இருக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி, வெண்சாந்து பூசி மெழுகிய அந்தச் சுவரை டேப் வைத்து அளந்தேன்: கதவு நிலைக்கு அருகே 22 அங்குலம். ரவுட்டர் அருகே மைனஸ் 40 டிபிஎம் (அலையின் வலு அளவு) காட்டிய அலை, என் மேசையில் மைனஸ் 82 காட்டியது; கீழே போகப் போக அலை பலவீனம். வெயிலுக்கு அருமையான சுவர், வைஃபைக்கு ஆகாது. வீட்டில் யாராவது எதையாவது தட்டினால், அந்தக் கேள்வி முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வந்து, தட்டுத்தடுமாறித் திரும்பிப் போய், பிறகுதான் வெளியே போகும். இரண்டு நாள் எல்லோரும் நெட் மெதுவாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, 540 ரூபாய்க்கு பெட்டியின் சின்ன யுஎஸ்பி வாயில் ஓடிஜி வழியாகச் செருகும் ஈத்தர்நெட் அடாப்டரும், 90 ரூபாய்க்கு ஒரு மீட்டர் கேபிளும் வாங்கி, பெட்டியை முகப்பில் ரவுட்டருக்கு அருகே கொண்டுபோய் வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

நிறுவுவது எளிது, ஒரு வரிக் கட்டளை, அதன் பின் நாலைந்து கேள்விகள், பத்து நிமிடம். கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் இந்தப் பெட்டியிடம்தான் கேட்க வேண்டும் என்று ரவுட்டரில் எழுத வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் அந்த இடம் பூட்டப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை போன் செய்ததில் வேகம் எப்படி இருக்கிறது என்றுதான் இரண்டு முறையும் கேட்டார்கள். கடைசியில் வேறு வழியாகப் போனேன்: கருவிகளுக்கு எண் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை ரவுட்டரில் அணைத்துவிட்டு, அதையும் பை-ஹோலிடமே கொடுத்தேன். பெட்டிக்கு 192.168.1.2 என்று நிலையான எண். மற்றவற்றுக்கு 50 முதல் 150 வரை. இந்த மாற்றத்தைச் செய்யும்போது வீடு முழுக்க ஐந்து நிமிடம் நெட் நிற்கும். நான் அதைச் செய்தது ஆத்தா (எங்களில் அம்மாவை அப்படித்தான் அழைப்போம்) சென்னையிலிருந்த சித்தியுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்த நேரம்.

மாற்றிய பிறகும் என் மடிக்கணினியில் விளம்பரங்கள் குறையவே இல்லை. பட்டியல் பிழை என்று நினைத்து மேலும் நாலு பட்டியல்களைச் சேர்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரவு பதினொன்றரைக்கு மடிக்கணினியின் இணைப்பு விவரங்களைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய வகை முகவரிக்கு டிஎன்எஸ் என் பெட்டி. ஆனால் அதற்குக் கீழேயே ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கு ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. ரவுட்டரில் உள்வீட்டுக்கான ஐபிவி6 அறிவிப்பை அணைத்ததும் சரியாயிற்று. பை-ஹோல் வைத்தும் பயனில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இத்தனைக்கும் பிறகு டிவியைப் போட்டு, அதே வீடியோ செயலியைத் திறந்தேன். விளம்பரம் வந்தது. காரணம் எளிது: அந்தச் செயலி வீடியோவை எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறதோ, அதே முகவரியிலிருந்துதான் விளம்பரத்தையும் அனுப்புகிறது. முகவரியை வைத்து மறிக்கும் பெட்டிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது; மறித்தால் வீடியோவும் வராது. இதைத் தொடங்கும் முன்பே படித்திருக்கலாம். டிவியிலிருந்து என் கணக்கை வெளியேற்றி, என் கணக்கின் அமைப்புகளில் தனிப்பயன் விளம்பரத்தை அணைத்து, தேடல் வரலாற்றை அழித்தேன். மொத்தம் இரண்டு நிமிடம். டிவியில் இப்போதும் விளம்பரம் வருகிறது. சிமெண்ட், சோப்பு, நகைக்கடை. அவை யாரையும் சுட்டவில்லை.

அன்றே பெட்டியைக் கழற்றி வைத்திருப்பேன். கழற்றுவதற்கு முன் அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்ததுதான் விடாமல் தொடரவைத்தது. எந்தக் கருவி எத்தனை மணிக்கு எந்த முகவரியைக் கேட்டது என்று வரிவரியாக அதில் இருந்தது. இரவு ஒன்றிலிருந்து நாலு வரை, யாரும் பார்க்காமல் அணைந்து கிடந்த டிவி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை வெளியே எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. அணைத்தாலும் உறங்குநிலையில்தான் இருக்கிறது என்பது தெரியும்; ஆனால் சிவப்பு எழுத்தில் வரிசையாக நின்ற அந்த முகவரிகளைக் கண்ணால் பார்ப்பது வேறு. டிவியின் அமைப்புகளில் ஐந்தாறு அடுக்குக்குள்ளே, திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி என்று ஒரு வரி இருந்தது. முதல் நாள் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்று நானே அழுத்தியிருக்கிறேன். இது புதிய விஷயமும் அன்று. அமெரிக்காவில் 1.1 கோடி டிவிகளிலிருந்து, பார்ப்பவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களின் அனுமதியின்றிச் சேகரித்ததற்காக ஒரு டிவி நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அந்த அனுமதியை எடுத்துவிட்டேன். போன்களிலும் ஒரு வேலை செய்தேன்: ஆண்ட்ராய்டு 12 முதல் விளம்பர அடையாள எண்ணை ஒரேயடியாக நீக்க முடியும், நீக்கினால் கேட்கும் செயலிகளுக்கு வெறும் சுழியங்கள்தான் கிடைக்கும். வீட்டில் நான்கு போன்களுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அக்காவிடம் இருப்பது ஐபோன். எங்களில் அக்காவை ஆச்சி என்போம். ஐபோனில் 2021 முதல் ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும். ஆச்சி எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று அழுத்தியிருந்தார். கேட்டதற்கு, “அதை அழுத்துனாத்தானே உள்ளே விடும்னு நெனச்சேன்” என்றார். அப்படியில்லை, வேண்டாம் என்றாலும் உள்ளே விடும்.

அடுத்த தோல்வி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வந்தது. காலை ஒன்பதுக்குப் போன மின்சாரம் மாலை நாலரைக்கு வந்து, போய், மறுபடி வந்தது. அந்தப் போக்குவரத்தில் பழைய எஸ்டி அட்டை கெட்டுப்போய்ப் பெட்டி எழுந்திருக்கவே இல்லை. எண் முகவரி கொடுப்பதும் அதுதான், டிஎன்எஸ்ஸும் அதுதான் என்பதால் வீடு முழுக்க எந்தக் கருவியும் வைஃபையில் சேரவில்லை. நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு திருமணத்தில் இருந்தேன். ரவுட்டரில் டிஎச்சிபியை மறுபடி போடுவது எப்படி என்று போனில் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்குச் சொல்லி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, ஒன்றே கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்ததும் அடாப்டரைச் சோதித்தேன். பழைய போனின் ஒரு ஆம்பியர் அடாப்டர். பெட்டியின் பதிவில் மின்னழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர் 420 ரூபாய். அடிக்கடி எழுதினாலும் தாங்கும் வகை 64 ஜிபி அட்டை 950. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் சின்ன யுபிஎஸ் 1,350. ரவுட்டருக்கு 12 வோல்ட் முனையிலிருந்தும், பெட்டிக்கு 5 வோல்ட் முனையிலிருந்தும் போகிறது. இதன் பிறகு மின்தடையால் ஒரு முறையும் நின்றதில்லை.

இனி மனிதர்கள். கருவிகளை விட இவர்களிடம்தான் அதிகம் கற்றேன்.

முதலில் ஆத்தா. பெட்டி நன்றாக ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், அவர் போனில் ஒரு கண்டாங்கிச் சேலை விளம்பரத்தைத் தொட்டால் பக்கம் திறக்கவில்லை. விளம்பரத்தைத் தொட்டதும் முதலில் எண்ணிக்கை எடுக்கும் ஒரு முகவரி வழியாகத்தான் கடைக்குப் போகும். அந்த முகவரி பட்டியலில் இருந்தது. நான் விளக்கினேன், ஆத்தா ஏற்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி: செக்காலை ரோட்டில் ஜவுளிக்கடைக்காரர் தம்மைப் பார்த்ததுமே அரக்கும் மஞ்சளும் கலந்ததை எடுத்துப் போடுகிறார், முப்பது வருடமாகத் தம் ரசனை அவருக்குத் தெரியும், அதைக் குறையென்று யாரும் சொல்வதில்லை, போன் செய்தால் மட்டும் ஏன் குற்றம்? நான் சொன்னேன்: கடைக்காரருக்குத் தெரிந்தது அவர் கடையோடு நிற்கிறது; நீங்கள் மருந்துக் கடையில் என்ன வாங்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் படைப்பு வீட்டில் வந்து சொல்ல மாட்டார். அதற்கு ஆத்தா, “இந்த ஊர்ல யாருக்கு யாரு வீட்டு விஷயம் தெரியாது?” என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஊர் பேசும், உண்மைதான். ஆனால் ஊர் பேசுவதை யார் பேசினார்கள் என்று தெரிந்து, வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடவாவது முடியும்.

விவாதத்தை விட்டு, வேலையைச் செய்தேன். பை-ஹோலில் கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கலாம். ஆத்தாவின் போனைத் தனிக் குழுவில் போட்டு, தீங்கான தளங்களை மறிக்கும் பட்டியலை மட்டும் வைத்து, விளம்பரப் பட்டியலை எடுத்துவிட்டேன். ஆத்தாவுக்குச் சேலைகள் திரும்பி வந்துவிட்டன.

ஆச்சியின் மகனுக்கு 14 வயது. பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தான். அவன் போனில் தனிநபர் கடன் விளம்பரம் வருவதைப் பார்த்து முதலில் சிரித்தேன், பிறகு காரணத்தைத் தேடினேன். மின்னஞ்சல் கணக்கு தொடங்கும்போது வயது போதாது என்று வந்ததால், அவன் அப்பா பிறந்த வருடத்தை 1998 என்று போட்டிருக்கிறார். ஆகவே கணக்கின்படி அவனுக்கு வயது முப்பதை நெருங்குகிறது, கடன் வாங்கும் வயது. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததும், 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுப்பதும் உண்மை. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் முழுதாக வந்தாலும் வீட்டிலேயே 1998 என்று எழுதிவைத்தால் அது எப்படி இவனைத் தேடிப் பிடிக்கும்? பிறந்த வருடத்தைத் திருத்தலாம் என்றேன். திருத்தினால் சில விளையாட்டுகள் போய்விடும் என்று மறுத்தான். மறைப்பதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னான்.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். அவன் சொன்னதைச் சோதிப்பது போல, பதிவேட்டில் அவன் போனைத் தேர்ந்தெடுத்து, முந்தைய இரவு 1.20 வரை ஒரு விளையாட்டின் முகவரி ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “அம்மான், டிவி நம்மளப் பாக்குதுன்னு திட்டுனீங்க. இப்ப நீங்க பாக்குறீங்களே?” என்றான். பையன் பேச்சு என்று விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் போன் பதிவேட்டில் வரவே இல்லை. போனிலேயே வேறு டிஎன்எஸ்ஸை எழுதிவிட்டான். ஆண்ட்ராய்டில் அது மூன்று தொடுதலில் முடிகிற வேலை.

அந்தச் சொல் எனக்கு உறைத்தது அடுத்த வாரம் அப்பச்சியிடம். அவர் மதுரையில் இரும்புக்கடை நடத்தியவர். கடைப் பேரேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகமாட்டார். டயப்பர் விவகாரத்தில் என்னைவிட அதிகம் கொதித்தவரும் அவர்தான்; பெட்டிக்கான காசைத் தானே தருவதாகச் சொன்னவர். ஒரு காலை, எந்த முகவரி தவறுதலாக மறிக்கப்படுகிறது என்று பார்க்கப் பதிவேட்டைத் திறந்தேன். அப்பச்சியின் போன்: இரவு 2.17, 2.19, 2.31, 2.48. மதுரையில் உள்ள ஒரு மருத்துவமனையின் பெயர். பிறகு ஒரே நோயைப் பற்றிய மூன்று தளங்கள். டிஎன்எஸ் பதிவில் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆனால் நோயின் பெயரே தளத்தின் பெயராக இருந்தால் உள்ளே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

பதறிவிட்டேன். வளவுத் தூணில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ராத்திரி மருத்துவமனைத் தளம் பார்த்தீர்களே என்று வாய் தவறி வந்துவிட்டது. செய்தித்தாளை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். யார் சொன்னது என்று கேட்டார். பெட்டி என்றேன். கொஞ்ச நேரம் முகப்புப் பக்கம் பார்த்தபடி இருந்தவர், “ஏட்டை நீயாப்பா வச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து குளிக்கப் போய்விட்டார். அவரே பத்து நாள் கழித்து ஆத்தாவிடம் சொன்னார். சோதனை முடிவில் பயப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நாளும் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ள விரும்பிய நாட்கள். அவற்றில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை பெட்டியின் அமைப்புகளில் உட்கார்ந்தேன். பை-ஹோலில் அந்தரங்க நிலை என்று நான்கு படிகள் உண்டு: 0 என்றால் எல்லாம் தெரியும், 1-ல் தளங்களின் பெயர் மறையும், 2-ல் எந்தக் கருவி என்பதும் மறையும், 3-ல் மொத்த எண்ணிக்கை தவிர வேறு எதுவும் இருக்காது. நிறுவும்போதே கேட்கிறது, 0 என்பதே முதலில் இருப்பதால் நான் யோசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன், டிவியில் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்று அழுத்தியதைப் போலவே. 3-ல் வைத்தேன். ஆனால் அது இனி வரும் பதிவுகளுக்குத்தான்; பழையவை தனிக் கோப்பில் இருக்கும். என் பெட்டியில் 91 நாள் வைத்துக்கொள்ளும் என்று இருந்தது. அதைச் சுழியமாக்கி, பழைய கோப்பை அழித்து, பெட்டியை மறுபடி இயக்கி, பதிவேட்டுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பதை அப்பச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு விலை உண்டு. ஏதாவது ஒரு செயலி திறக்கவில்லை என்றால் எந்த முகவரி மறிக்கப்படுகிறது என்று இனி பார்க்க முடியாது. வங்கிச் செயலி ஒன்று சென்ற மாதம் நின்றபோது, எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் நிலையை 0-க்கு இறக்கி, என் போனில் மட்டும் அந்தச் செயலியைத் திறந்து, முகவரியைக் கண்டுபிடித்து அனுமதித்து, பதிவை அழித்து, மறுபடி 3-க்கு ஏற்றினேன். தொல்லைதான். தொல்லையாக இருப்பதால்தான் வேடிக்கை பார்க்கத் திறப்பது நின்றிருக்கிறது.

மொத்தச் செலவு: கணினி 1,790, ஈத்தர்நெட் அடாப்டர் 540, கேபிள் 90, மின்சார அடாப்டர் 420, எஸ்டி அட்டை 950, யுபிஎஸ் 1,350, மேலுறை 250, ஆக 5,390 ரூபாய். மின்சாரத்தை மீட்டர் வைத்து அளந்து பார்த்தேன், 1.3 வாட், மாதத்துக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அப்பச்சி தருவதாகச் சொன்ன காசை நான் கேட்கவில்லை.

மறுபடி செய்வதானால் முதல் வேலையாக டிவியிலிருந்து கணக்குகளை வெளியேற்றுவேன். பெட்டி வாங்கும் முன் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பேன், பல வீடுகளுக்கு அதுவே போதும். வாங்குவதானால் கேபிள் வாய் உள்ள வகையையே வாங்குவேன். எண் முகவரி கொடுக்கும் வேலையைப் பெட்டியிடம் கொடுக்க மாட்டேன். அதற்குப் பதில் என் விருப்பப்படி டிஎன்எஸ் எழுதவிடும் சொந்த ரவுட்டர் ஒன்றை இணைய நிறுவனத்தின் ரவுட்டருக்குப் பின்னால் போடுவேன், பெட்டி படுத்தாலும் வீடு நிற்காது. அந்தரங்க நிலையை நிறுவும் அன்றே 3-ல் வைத்து, குழுக்களை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் போடுவேன். இன்னும் ஒரு குறை பாக்கி: நம் பெட்டி வெளியே கேட்கும் கேள்விகளை இணைய நிறுவனம் இப்போதும் படிக்க முடியும், அதை மறைகுறியாக்கி அனுப்பும் வேலையை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

அப்பத்தா இப்போது கைத்தடியோடு வளவு வரை நடக்கிறார். ஆச்சியின் மகன் ஊருக்குப் போகும்போது, தன் பிறந்த வருடத்தை நான் சொல்லாமலேயே திருத்திக்கொண்டதாகச் சொன்னான், சரிபார்க்கவில்லை. அப்பச்சி சில இரவுகளில் இன்னும் போனை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணைக்குப் போய், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில்தான் படிக்கிறார். அவருக்கு ரீசார்ஜ் போடுவது நான்தான். இந்த மாதம் டேட்டாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறேன்.